வேடந்தாங்கல் கரையில் கேமரா

செங்கல்பட்டு மாவட்டம், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை கேமராக்கள் வரிசை கட்டி நிற்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று மரத்துக்கு மரம் கூடுகள். விடிந்ததும் போய், சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டால் சாதாரண கேமராவிலேயே படம் தெளிவாக விழும்.

பறக்கிற படம் வேண்டும் என்று கை தட்டிக் கிளப்பிவிடுகிறவர்களும் உண்டு. தாய் எழுந்தால் போதும், காகம் முட்டையைக் கொத்திவிடும். குஞ்சு வெயிலில் வாடும். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தானே! பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாதுகாப்புக்கு எழுத்து வாங்கிய ஊர் இது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.