எண்ணூர்க் குழாயும் நம்ம மோட்டார் பெட்டியும்

இயற்கை விவசாயப் பத்திரிகையில் மெஷின் கதை எதுக்கு என்று நினைக்காதீங்க. இந்த மெஷின் ஏற்கெனவே நம்ம கிணத்து மேட்டுக்கு வந்துவிட்டது. செல்போனில் ஒரு அழைப்பு கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது, இன்னொரு அழைப்பில் நிற்கிறது. ராத்திரியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கும் வேலை மிச்சம். வேளாண் பொறியியல் துறை மானியத்திலேயே இந்தப் பெட்டியைத் தருகிறது. வாங்கினவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நாலு சங்கதி இருக்கும். மூணு பேஸும் வருதா, கிணற்றில் தண்ணி இருக்கா என்று பார்க்கிற கண். ஓட்டலாமா கூடாதா என்று முடிவெடுக்கிற சின்ன மூளை. சுவிட்சைத் தட்டுகிற கை. நம்ம போனுக்கும் பெட்டிக்கும் நடுவே சிம் கார்டு போட்டுத் தருகிற பாதை. இந்த நாலையும் ஆயிரம் மடங்கு பெருக்கினால் அது ஒரு தொழிற்சாலை. கண்ணுக்கு அங்கே சென்சார் என்று பேர். மூளைக்குப் பி.எல்.சி. கை என்பது வால்வும் பம்பும். இவை எல்லாவற்றையும் ஒரே அறையில் திரையில் காட்டுகிற ஏற்பாடு ஸ்காடா. இப்போது பாதை இணையத்துக்கும் நீண்டுவிட்டதால், வேறு ஊரில் உட்கார்ந்தும் ஆலையின் வால்வைத் திறக்கலாம், மூடலாம். பெரிய கட்டடங்களின் ஏ.சி., லிஃப்ட், தீ எச்சரிக்கை மணி எல்லாம் இதே வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இது நல்லதா கெட்டதா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. வடசென்னையில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். அந்தச் சம்பவத்துக்கும் நாம் வயலில் கொட்டின உர மூட்டைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

மூட்டை எங்கிருந்து வருகிறது?

காசிமேட்டைத் தாண்டி, திருவொற்றியூர் வழியாகக் கடலை ஒட்டியே வடக்கே போனால் எண்ணூர் வரும். ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள். மறுபக்கம் ஆலைகள், அனல் மின் நிலையங்கள், துறைமுகம். மேற்கே மணலியில் சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலையும். எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டி கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் உர ஆலை. நாம் 'காம்ப்ளக்ஸ்' என்று பேர் சொல்லி வாங்குகிற உரத்துக்குத் தழைச்சத்து தருவது அம்மோனியா. அந்த அம்மோனியா கப்பலில் வந்து, கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாக இந்த ஆலைக்குள் போகும்.

அம்மோனியா திரவமாக இருக்கணும்னா மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர வைக்கணும். அதனால் கப்பல் சரக்கை இறக்குவதற்கு முன்பே குழாயைக் குளிரூட்டுவார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி இந்த வேலை நடந்தபோதுதான் கரைக்குப் பக்கத்தில் குழாயில் கசிவு ஏற்பட்டது. கடல் நீர் கொப்பளித்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நெடிதான் எழுப்பியது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசல் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேர சராசரியாக அனுமதிக்கப்பட்ட அளவு 400. கசிவு நடந்த இடத்துக் கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். இருக்க வேண்டியது 5-க்குள். இதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. குழாயைப் பாதுகாக்கச் சுற்றிலும் போட்டிருந்த கருங்கற்களே அந்தப் புயலில் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு சொன்னது.

இத்தனை கருவி இருந்தும்?

கண்காணிப்புக் கருவிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஓர் உத்தரவு போட்டது. அதிகம் மாசுபடுத்துகிற 17 வகை ஆலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாய்க்காலிலும் தானாக அளக்கிற கருவிகளை வைக்கணும், அந்த அளவுகள் இணையம் வழியாக நேரடியாக வாரியத்துக்குப் போகணும். உர ஆலை, எண்ணெய் ஆலை, அனல் மின் நிலையம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். தமிழ்நாட்டில் இந்த அளவுகளை வாங்கிப் பார்க்கிற மையம் கிண்டியில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது.

ஆனால் புகைபோக்கியில் வைத்த கண்ணுக்குப் புகைபோக்கிதான் தெரியும். கடலுக்கு அடியில் கிடக்கிற குழாயில் ஓட்டை விழுந்தால் அதற்கு எப்படித் தெரியும்? அதே மாதம் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் அப்பிக்கொண்டது. கடைசியில் மீனவர்களே வாளியாலும் மக்காலும் கையாலும் அள்ளினார்கள். வாய்க்காலில் ஒழுங்காக ஓடுகிற நீரை அளக்கத்தான் கருவி. வெள்ளம் வாய்க்காலைப் பார்த்தா வருகிறது?

அம்மோனியா கசிவை விசாரித்த குழு, பழைய குழாயை மாற்றிப் புதுக் குழாய் போடச் சொன்னது. அதில் நவீன கண்காணிப்பு வசதி, தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாடு, ஓட்டத்தில் கோளாறு தெரிந்தால் தானாகவே நின்றுவிடும் அமைப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்றது. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. தானாக முன்வந்து வழக்கை எடுத்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, உரிய துறைகளின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஆலையைத் திறக்கக் கூடாது என்று 2024 மே மாதம் உத்தரவிட்டது.

குழு சொன்னது சரியான பரிந்துரைதான். ஒரு முனையில் போன அளவும் மறுமுனையில் வந்த அளவும் ஒத்துவராவிட்டால் நொடியில் வால்வை மூட இயந்திரத்தால்தான் முடியும். ஆனால் கருவியை வாங்கி மாட்டினதோடு காரியம் முடிந்துவிடாது.

கண், மூளை, கை, பாதை: நாலிலும் ஓட்டை விழும்

முதலில் கண். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரின் தொட்டி சூடேறி, ஆவி ஊருக்குள் பரவி 12 பேர் இறந்தார்கள். விசாரித்த உயர்மட்டக் குழு கண்ட குறைகளில் ஒன்று, வெப்பம் அளக்கும் கருவி தொட்டியின் அடியில் மட்டும்தான் இருந்தது என்பது. மேலே கொதித்தது யாருக்கும் தெரியவில்லை. மண் பரிசோதனைக்கு வரப்போரத்தில் மட்டும் மண் எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

அடுத்து கை. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கருவிகள் எல்லாம் பேருக்கு இருந்தன. குளிர்விக்கும் இயந்திரத்தை ஆறு மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஊருக்கான சைரனைச் சற்று நேரம் ஒலிக்கவிட்டு அணைத்துவிட்டார்கள். பராமரிக்காத கருவியை நம்பிப் படுத்தவர்களுக்கு அது எமன்.

அப்புறம் பாதை. மிக்ஜாம் சமயத்தில் சென்னையில் கரண்ட் போச்சு, செல்போன் சிக்னலும் போச்சு. எந்த நாளில் தொலைக் கட்டுப்பாடு ரொம்ப அவசியமோ அந்த நாளில் பாதை அறுந்துவிடும். அதனால்தான் நல்ல ஆலையில் கட்டளை வராவிட்டாலும், மின்சாரம் போனாலும், தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு வைப்பார்கள். கையால் சுற்றி மூடுகிற சக்கரமும் பக்கத்தில் இருக்கும்.

கடைசியில் மூளை. பாதை இருந்தால் நாம் மட்டும்தான் நடப்போம் என்று இல்லை, திருடனும் நடப்பான். ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 2000-ஆம் ஆண்டு, கழிவுநீர் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தின நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், வேலை கிடைக்காத ஆத்திரத்தில் மடிக்கணினியும் ரேடியோவும் வைத்துக்கொண்டு பம்புகளைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டினார். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஆற்றிலும் பாய்ந்தது. நம் கூடங்குளத்தில் 2019-இல் அலுவலகக் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கணினிகள் அந்த வலையில் சேராமல் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அந்தத் 'தனியாக இருந்ததால்' என்பதுதான் விஷயம். ஆலைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்றும் பரவலாகப் பயன்படும் மோட்பஸ் என்கிற மொழி 1979-இல் வந்தது. அதற்குக் கடவுச்சொல் கேட்கத் தெரியாது. 'வால்வைத் திற' என்று யார் சொன்னாலும் திறக்கும். நாலு சுவருக்குள் இருந்தவரை பரவாயில்லை. அதை அப்படியே இணையத்தில் விட்டால் வாசல் கதவைக் கழற்றி வைத்த மாதிரி.

தகவல் யாருக்குப் போகிறது?

இது எல்லாவற்றையும் சரி செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. சென்சார் சொல்கிற சேதி ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. கிண்டிக்குப் போகிறது. குழாயை ஒட்டிப் படுத்திருக்கிற பெரியகுப்பத்துக்கு? கம்பியை இவ்வளவு தூரம் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு அடுத்த தெருவுக்கு இழுப்பதா கஷ்டம்? குப்பத்து முனையில் அளவைக் காட்டும் ஒரு மின்பலகை, அளவு தாண்டினால் ஆலையின் அனுமதி கேட்காமல் தானாக அலறும் சைரன், வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி. தொழில்நுட்பத்தில் இது எதுவும் பெரிய வித்தை இல்லை, மனசுதான் வேணும்.

சைரன் கேட்டால் என்ன செய்வது என்பதும் ஊருக்குத் தெரியணும். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஈரத் துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு, காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்காக விலகி ஓடணும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகணும். இது எண்ணூருக்கு மட்டும் இல்லீங்க. ஐஸ் கம்பெனிகள், பால் குளிரூட்டும் நிலையங்கள், குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றிலும் ஓடுவது இதே அம்மோனியாதான். நம்ம பால் போகிற நிலையத்தில் சைரன் வேலை செய்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம்ம பெட்டிக்கும் இதே கேள்விகள்

வயலுக்குக் கருவி வாங்குகிறபோது கடைக்காரரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்க. சிக்னல் இல்லாதபோது கையால் ஓட்ட சுவிட்ச் இருக்கா? கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடுமா, நிற்குமா? யார் எண்ணிலிருந்து அழைத்தாலும் எடுக்குமா, நாம் பதிந்த எண்ணுக்கு மட்டுமா? கம்பெனி கொடுத்த 1234 கடவுச்சொல்லை நாம் மாற்ற முடியுமா? எவ்வளவு தண்ணி இறைத்தோம், என்ன பயிர் வைத்தோம் என்கிற கணக்கு யார் கணினியில் போய்ச் சேருகிறது? கம்பெனி மூடிப்போனால் பெட்டி வேலை செய்யுமா? பதில் தெரியாத பெட்டிக்கு மானியம் கிடைத்தாலும் யோசிக்கணும். மாதம் ஒருமுறை கையால் ஓட்டிப் பார்த்து, தண்ணி இல்லையென்றால் உண்மையிலேயே நிற்கிறதா என்று சோதித்துவிடுங்க.

இன்னொன்றையும் நாம்தான் சொல்ல முடியும். நாம் கேட்கிற தழைச்சத்துக்காகத்தான் அந்தக் கப்பல் எண்ணூருக்கு வருகிறது. ஆலையில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற நானூறு டிகிரிக்கு மேல் சூடும் ஏகப்பட்ட அழுத்தமும் வேணும். அதே வேலையைத் தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, உளுந்து வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. அதற்குக் கடலடிக் குழாய் வேண்டாம், சைரன் வேண்டாம். நம்மில் ஒருத்தர் பூ எடுக்கும் பருவத்தில் தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் எண்ணூர் ஆலை நின்றுவிடாது. ஆனால் ஒரு மூட்டை குறையும். ஆயிரம் பேர் உழுதால் ஆயிரம் மூட்டை குறையும். அதுவரை அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் படுக்கிறவர்களுக்கு, குழாயில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அந்தக் கோரிக்கையில் மீனவர்களோடு உழவர்களும் சேர்ந்து நிற்கணும்.