நூறிலிருந்து இருநூறு வரை

எடிட்டிங் மென்பொருள் எதையாவது திறந்து ஒரு புகைப்படத்தை டைம்லைனில் வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம்: அளவு 100 சதவீதம். ஐந்து நொடி தள்ளி இன்னொன்று: 200 சதவீதம். இடைப்பட்டதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தால் ஏதோ உறுத்தும். படம் முதலில் விறுவிறுவென்று நம்மை நோக்கி வருகிறது. போகப்போக வேகம் குறைந்து கடைசியில் ஊர்கிறது. மென்பொருளோ எந்த ஓரவஞ்சனையும் செய்யவில்லை. நொடிக்குச் சரியாக 20 என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறது: 100, 120, 140, 160, 180, 200.

சீராகக் கூட்டியது ஏன் சீராகத் தெரியவில்லை? நம் கண் கூட்டலைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குபவருக்கு நூறு ரூபாய் உயர்வு பெரிது. லட்சம் வாங்குபவர் அதைக் கவனிக்கவே மாட்டார். 100இலிருந்து 120க்குப் போனபோது படம் ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்தது. 180இலிருந்து 200க்குப் போனபோது ஒன்பதில் ஒரு பங்குதான். வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கண் அதைப் பிடித்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை என்று இரண்டு படித்திருப்போம். ஜூமுக்கு வேண்டியது இரண்டாவது. ஒவ்வொரு நொடியும் முந்தைய அளவை 1.149ஆல் பெருக்க வேண்டும்: 100, 115, 132, 152, 174, 200. எண்கள் தாறுமாறாகத் தாவுவதுபோல் இருக்கும். திரையில் படம் ஒரே சீராக நெருங்கும். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977இல் வெளியிட்ட ‘பவர்ஸ் ஆஃப் டென்’ குறும்படம் முழுக்க இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. சிகாகோ ஏரிக்கரையில் உல்லாசப் பயணம் வந்த இருவர். ஒரு மீட்டர் அகலக் காட்சி. பத்து நொடிக்கு ஒருமுறை அந்த அகலம் பத்து மடங்காகிறது. நகரம், பூமி, சூரியக் குடும்பம், விண்மீன் திரள்கள் எல்லாம் ஒரே நடையில் விலகுகின்றன. பத்தின் 24ஆம் அடுக்கு மீட்டரை எட்ட நான்கே நிமிடம் ஆகிறது. பெருக்காமல், முதல் பத்து நொடியில் கூடிய ஒன்பது மீட்டரையே ஒவ்வொரு பத்து நொடிக்கும் கூட்டிக்கொண்டு போனால், பிரபஞ்சத்தின் வயதைப்போல லட்சக்கணக்கான மடங்கு காலம் காத்திருக்க வேண்டும்.

கணினி வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தது ராஸ்ட்ரம் காமிரா. மேசையில் புகைப்படம், அதற்கு மேலே ஒரு தூணில் ஏறி இறங்கும் காமிரா. ஒரு ஃப்ரேம் எடுப்பது, கொஞ்சம் இறக்குவது, அடுத்த ஃப்ரேம் எடுப்பது. இங்கே அதே தவறு தலைகீழாக நேரும். காமிரா 100 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 50க்கு, பத்துப் பத்தாக ஐந்து படியில் இறங்குகிறது என்று வையுங்கள். முதல் படியில் படம் ஒன்பதில் ஒரு பங்கு வளரும். கடைசிப் படியில் ஐந்தில் ஒரு பங்கு. மென்பொருளின் ஜூம் இறுதியில் இழுத்தடிக்கிறது. மேசையின் ஜூம் இறுதியில் பாய்கிறது. கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு பிழையும் பொருந்துவது எனக்கு அலுக்காத அழகு. ஆகவே மேசையை நெருங்க நெருங்க இறக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அதையும் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கணக்கிட்டு.

இப்படிக் கணக்கிட்ட உழைப்பின் உச்சமாக நான் கருதுவது கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957இல் வெளியிட்ட ‘சிட்டி ஆஃப் கோல்ட்’. காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் இயக்கியது. 1898இல் தங்கம் தேடி யூகானின் டாசன் நகருக்கு ஓடிவந்த கூட்டத்தைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்த பழைய புகைப்படங்கள்தான் அதன் மூலப்பொருள். காமிரா நகர்வுகளைக் கணக்கிட்டுத் தர ரோமன் குரோய்ட்டர் ஒரு கருவியே வகுத்தார். பனிமலையில் வரிசையாக ஏறும் மனிதர்கள் மேல் காமிரா நகரும்போது, அவர்கள் அசையவில்லை என்பதையே மறந்துவிடுகிறோம்.

அந்தப் படத்துக்குத் தாம் கடன்பட்டிருப்பதாகச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ். அவர் எடுக்க விரும்பியது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி. அப்போது சினிமாக் காமிரா பிறக்கவே இல்லை. இருந்தவை புகைப்படங்களும் கடிதங்களும்தான். 1990 செப்டம்பரில் பி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒன்பது பகுதிகளாக வந்த ‘தி சிவில் வார்’ தொடரைச் சுமார் 4 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆப்பிள் நிறுவனம் 2003இல் ஐமூவி 3 மென்பொருளில், புகைப்படத்தின் மேல் இப்படி நகர்ந்து நெருங்கும் வசதியைச் சேர்த்தபோது, அவருடைய இசைவோடு ‘கென் பர்ன்ஸ் எஃபெக்ட்’ என்றே பெயர் வைத்தது. இரண்டு கீஃப்ரேமுக்கு இடைப்பட்டதைக் கணினியே வரையும் உத்தியும் கனடாவில் வளர்ந்ததுதான். அங்கே தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் இருவரும் உருவாக்கிய முறையில் ‘ஹங்கர்’ என்ற குறும்படம் 1974இல் வந்தது.

பேன், அதாவது படத்தின் மேல் பக்கவாட்டில் நகர்வது, இதைவிட எளிது, கூட்டல் போதும். ஆனால் வேகம் கூடினால் பழி வாங்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் சினிமாவில், ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய விதி. அதைவிட விரைந்தால் படம் வெட்டி வெட்டித் தெரியும். மிக மெதுவாகப் போனாலும் சங்கடம் உண்டு. நொடிக்கு 10 பிக்சல், 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 0.4 பிக்சல். முழு எண்ணாக்கி வைத்தால் படம் ஒருமுறை நிற்கும், ஒருமுறை குதிக்கும். நல்ல மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து, பிக்சலின் பின்னத்தையும் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

பேனும் ஜூமும் சேரும் இடம்தான் உண்மையில் வியப்பு. பெரிய சட்டகம் ஒன்று, அதற்குள் ஓரமாக ஒரு முகத்தைச் சுற்றிச் சிறிய சட்டகம் ஒன்று. இரண்டின் ஒத்த மூலைகளையும் கோடுகளால் இணைத்து நீட்டுங்கள். நான்கு கோடும் ஒரே புள்ளியில் சந்திக்கும். படம் முழுவதிலும் அந்தப் புள்ளி மட்டும் திரையில் துளியும் அசையாமல் நிற்க, அதை நோக்கி ஜூம் செய்தால் போதும். பேன் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. இதை விட்டுவிட்டு ஜூமுக்கு ஒரு கணக்கு, பேனுக்கு ஒரு கணக்கு என்று ஓட்டும்போதுதான் முகம் திரையில் ஒருபுறம் விலகிப் போய், பிறகு திரும்பி வருகிறது.

தொடங்குவதும் முடிவதும் சிறு சட்டகங்களாகி, அவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தால் என்ன செய்வது? நெதர்லாந்தின் யார்கே வான் வைக், விம் நௌய் இருவரும் 2003இல் இதற்கு விடை எழுதினார்கள்: நேராக நகராமல், முதலில் பின்வாங்கி, நகர்ந்து, மறுபடி நெருங்குவதே கண்ணுக்கு இதமான பாதை. இணைய வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்குத் தாவும்போது, தரை விலகி மறுபடி நெருங்கும் காட்சிக்குப் பின்னால் அவர்களுடைய சமன்பாடு வேலை செய்வதுண்டு.

கணக்கு எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? நம் கண் எந்தப் படத்தையும் ஒரே பார்வையில் முழுத் தெளிவோடு பார்ப்பதில்லை. கூர்மையாகத் தெரிவது சுமார் இரண்டு பாகை அகலம்தான். நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித்தாவித் தேடுகிறது. சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், ஓவியர் ரேப்பின் வரைந்த ஓர் ஓவியத்தைப் பார்ப்பவரின் கண் போகும் பாதையைப் பதிவு செய்தார். ஓவியத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டால் ஒரு பாதை, அவர்கள் வசதியானவர்களா என்று கேட்டால் வேறொரு பாதை. கண்ணைச் செலுத்துவது கேள்விதான். பேனும் ஜூமும் செய்வது அந்தக் கேள்வியை இயக்குநர் கேட்பது. அதனால்தான் தானாகவே ஏதோ ஒரு மூலைக்கு நகர்த்திவிடும் ஸ்லைடுஷோக்கள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. கேள்வியே இல்லாமல் நம் கண்ணை இழுத்துப் போகின்றன.

ஒரு பள்ளிக் குழுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வகுப்பில் தொடங்கி ஒரு சிறுமியின் முகத்தில் முடித்தால், இவள் யார் என்று பார்ப்பவர் கேட்பார். முகத்தில் தொடங்கி வகுப்பில் முடித்தால், இவளோடு யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்பார். மாறியது இரண்டு கீஃப்ரேமின் வரிசை மட்டும்.