லிவர்பூல்: துறைமுகமும் தொழுகை இல்லமும்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் அழைக்கின்றது. இந்நோக்கோடு அமையும் எந்தப் பயணமும் கல்வியே ஆகும். அத்தகைய கல்விக்கு ஏற்ற நகரங்களுள் ஒன்று வட இங்கிலாந்தின் லிவர்பூல். கால்பந்தும் பீட்டில்ஸ் இசைக்குழுவும் அதன் பெயரை உலகெங்கும் பரப்பியுள்ளன. எனினும், வணிகத்தால் செழித்த அந்நகரம் எவற்றை நினைவில் வைத்தது, எவற்றை மறந்தது என்பதையே நாம் இங்கு காண விழைகின்றோம்.

லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் சற்றேறக்குறைய இரண்டே கால் மணி நேரத்தில் லைம் ஸ்ட்ரீட் நிலையத்தை அடையலாம். நிலையத்துக்கும் ஹோப் வீதிக்கும் இடைப்பட்ட பகுதியில் தங்குவது நன்று; பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே சென்றுவிடலாம். கால்பந்துப் போட்டி நாட்களிலும் ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயக் காலத்திலும் அறை வாடகை பெரிதும் உயரும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

முதல் நாளை மெர்சி நதிக்கரைக்கு ஒதுக்குவோம். 1207இல் ஜான் மன்னரின் பட்டயத்தால் உருவான இச்சிற்றூரின் விதியை மாற்றியது, 1715இல் திறக்கப்பட்ட 'பழைய துறை'. அலையேற்ற இறக்கத்தால் பாதிக்கப்படாமல் கப்பல்கள் சரக்கு இறக்குவதற்கென மதகுகளால் நீர் தேக்கிய உலகின் முதல் வணிகத் துறை இதுவே. 1826இல் மூடப்பட்ட அதன் சுவர்கள் 2001ஆம் ஆண்டு அகழ்வில் மீண்டும் வெளிப்பட்டன.

இத்துறையின் செல்வம் தூய்மையானதன்று. இங்கிருந்து சரக்கேற்றிச் சென்ற கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதரை வாங்கி, அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியத் தீவுகளிலும் விற்று, சர்க்கரையும் புகையிலையும் கொண்டு திரும்பின. அட்லாண்டிக் கடலைக் கடந்து கொண்டு செல்லப்பட்ட அடிமைகளுள் செனகாம்பியா நாட்டு முஸ்லிம்களும் இருந்தனர். நகர மண்டபத்தின் வெளிச்சுவரில் யானைகளோடு ஆப்பிரிக்கத் தலைகளும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். 1807இல் பிரிட்டன் இவ்வணிகத்தைத் தடை செய்தது. நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கோரியதோ 1999 டிசம்பரிலேதான். 2007இல் ஆல்பர்ட் துறையில் சர்வதேச அடிமைமுறை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. புனரமைப்புக்காக 2025 ஜனவரியில் அது மூடப்பட்டதால், செல்லுமுன் விசாரித்தறிதல் வேண்டும்.

மறுநாள் வெஸ்ட் டெர்பி சாலையிலுள்ள புரூம் டெரஸுக்குச் செல்வோம். நிலையத்திலிருந்து சுமார் அரை மணி நேர நடை. இந்நகரில் 1856இல் பிறந்த வழக்கறிஞர் வில்லியம் ஹென்றி குவில்லியம், மொராக்கோ பயணத்தின் பின் 1887இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பூண்டார். அவர் தொடங்கிய லிவர்பூல் முஸ்லிம் நிறுவனம் 1889இல் இவ்விடத்துக்கு வந்தது. பள்ளிவாசலோடு பள்ளிக்கூடம், நூலகம், அச்சகம் ஆகியவையும் இங்கு இயங்கின. ஆதரவற்ற குழந்தைகளுக்கென மதீனா இல்லமும் நிறுவப்பட்டது. 'தி கிரெசென்ட்' வார இதழ் 1893 முதல் வெளிவந்தது.

இவ்வளவும் ஒரு தனிமனிதரின் ஆற்றலையே சார்ந்திருந்தது. 1908இல் அவர் நகரை நீங்கியதும் சமூகம் சிதறியது. கட்டிடமும் கைமாறி, நகராட்சியின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகமாயிற்று. நெடுங்காலத்துக்குப் பின், அவர் பெயரால் அமைந்த சங்கத்தாரின் முயற்சியால் 2014இல் மீண்டும் அங்கே தொழுகை நிலைநாட்டப்பட்டது.

தங்குவோர் தொழுகை நேரங்களில் கவனம் செலுத்த வேண்டும். ஜூனில் சூரியன் மறைய இரவு 9.45 ஆகும், அதன்பின்னும் அது தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதே இல்லை. எனவே இஷா நேரத்தை உள்ளூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைக் கொண்டே அறிதல் நலம். டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ள இந்நகருக்கு இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஒரு பள்ளிவாசலை மீட்க முஸ்லிம்களுக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. புரூம் டெரஸில் இரண்டு ரக்அத் தொழுது எழும் பயணி, தம் ஊரின் பள்ளிவாசலும் மதரஸாவும் ஒருவரது உழைப்பை மட்டும் நம்பி நிற்கின்றனவா, அவருக்குப் பின்னும் நிலைக்கும் ஏற்பாட்டோடு நிற்கின்றனவா எனச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்.