வீடு திரும்பிய பிறகு யார் கவனிப்பார்? பராமரிப்பு மேலாளரின் பணி

இதயச் செயலிழப்புக்காக ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்த பாட்டி ஒருவர் இன்று வீடு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் போவதால் அவர் உடலில் நீர் தேங்குகிறது. அந்த நீரை வெளியேற்ற ‘ஃபுரோசமைட்’ என்ற மாத்திரையை மருத்துவமனை கொடுத்து அனுப்புகிறது. வீட்டு அலமாரியில் பழைய மாத்திரை அட்டை ஒன்று மீதம் இருக்கிறது. அதில் ‘லாசிக்ஸ்’ என்று எழுதியிருக்கிறது.

இரண்டும் ஒரே மருந்து. முன்னது மருந்தின் பெயர், பின்னது வணிகப் பெயர். இது தெரியாமல் பாட்டி இரண்டையும் சாப்பிட்டால் உடலில் நீரும் பொட்டாசியமும் அளவுக்கு மீறிக் குறையும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றிக் கீழே விழலாம். சில நாள்களில் மீண்டும் அவசரப் பிரிவுக்குப் போக நேரிடலாம்.

மருத்துவர் சரியான மருந்தைத்தான் எழுதினார். மருந்தாளர் சரியாகத்தான் கொடுத்தார். தாதியும் விளக்கினார். ஆனால், பாட்டியின் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது இவர்களில் எவருடைய வேலையும் அன்று. அந்த வேலையைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்பவரே ‘கேஸ் மேனேஜர்’ எனப்படும் பராமரிப்பு மேலாளர்.

என்ன செய்கிறார்?

பராமரிப்பு மேலாளர் நோயைக் கண்டறிவதில்லை, மருந்து எழுதித் தருவதும் இல்லை. மருத்துவர், மருந்தாளர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், சமூக ஊழியர், குடும்பத்தார் என ஒரு நோயாளியைச் சுற்றியுள்ள அனைவரின் வேலையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதே அவர் பணி.

எல்லா நோயாளிகளுக்கும் இந்த உதவி தேவைப்படாது. ஆகவே, முதல் படி தேர்வு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உருவாக்கப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ‘லேஸ்’ என்ற அளவுகோல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தார், அவசரமாகச் சேர்க்கப்பட்டாரா, வேறு என்னென்ன நோய்கள் உள்ளன, முந்தைய ஆறு மாதங்களில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்குச் சென்றார் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் தரப்படுகிறது. மொத்தம் 19 மதிப்பெண்களில் 10 அல்லது அதற்கு மேல் பெற்றவர் விரைவில் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பும் அபாயம் அதிகம் என்று கருதப்படுகிறது.

அடுத்தது மதிப்பீடு. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குச் செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறு அன்றாடச் செயல்களில் எதை நோயாளி தாமாகவே செய்கிறார் என்று பார்க்கிறார். குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார், சமைப்பது யார் என்பதையும் கேட்டறிகிறார். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு உப்பு ஆகாது என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. வீட்டில் கருவாடும் ஊறுகாயும் அன்றாட உணவா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு திட்டம் வகுத்தல், சேவைகளுடன் இணைத்தல், தொடர்ந்து கவனித்தல். நம் பாட்டிக்கு அந்தத் திட்டம் மிக எளிதாக இருக்கலாம். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாள்களில் 2 கிலோகிராமுக்கு மேல் கூடினால் நீர் மீண்டும் தேங்குகிறது என்று பொருள், உடனே தொலைபேசியில் அழைக்க வேண்டும். மூச்சுத் திணறல் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பயிற்சி எத்தகையது?

இப்பணிக்கு வருவோரில் பலர் அனுபவமுள்ள தாதியர் அல்லது சமூக ஊழியர்கள். அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சான்றிதழ் ஆணையம் 1992ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. உரிமம் பெற்ற சுகாதாரத் தொழிலர்களும் சமூகப் பணித் துறையில் பட்டம் பெற்றவர்களும் பணி அனுபவத்துக்குப் பிறகே தேர்வு எழுத முடியும். சான்றிதழை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க 80 மணி நேரத் தொடர்கல்வி தேவை.

பயிற்சியில் நோய்கள், மருந்துகள் பற்றிய அறிவோடு காப்புறுதி, அரசாங்க உதவித் திட்டங்கள், நோயாளியின் தனியுரிமை ஆகியவையும் இடம்பெறும். ஆனால், பழகிக்கொள்ள அதிக நாள் பிடிப்பது பேசும் திறன்தான். “புரிந்ததா?” என்று கேட்டால் நம் பெரியவர்களில் பெரும்பாலோர் மரியாதைக்காகவே தலையசைத்து விடுவர். ஆகவே, “பாட்டி, நாளைக் காலையில எந்த மாத்திரை சாப்பிடுவீங்க? எடுத்துக் காட்டுங்க” என்று கேட்கக் கற்றுத்தருகிறார்கள். சொல்லிக் கொடுத்ததை நோயாளியையே திரும்பச் சொல்ல வைக்கும் முறை இது. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் இல்லப் பணிப்பெண் என்றால், அவரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

உண்மையில் பலன் உண்டா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் டெலவேர் ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் இரண்டு வேறுபட்ட விடைகள் கிடைத்துள்ளன.

ஒரு கரையில் உள்ள ஃபிலடெல்ஃபியாவில் பேராசிரியர் மேரி நெய்லர் தலைமையில் நடந்த ஆய்வு 1999ஆம் ஆண்டில் வெளியானது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 363 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரை உயர்நிலைப் பயிற்சி பெற்ற தாதியர் மருத்துவமனையிலேயே சந்தித்தனர், வீட்டுக்கும் சென்று பார்த்தனர், தொலைபேசியிலும் தொடர்பில் இருந்தனர். 24 வாரங்களில் வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 37 விழுக்காட்டினர் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தாதியர் கவனித்த பிரிவில் அது 20 விழுக்காடுதான்.

மறுகரையில் உள்ள கேம்டன் நகரில் அடிக்கடி மருத்துவமனைக்கு வரும், பல நோய்கள் உள்ள 800 பேரிடம் இதுபோன்ற முயற்சி நடந்தது. தாதியர், சமூக ஊழியர்கள் அடங்கிய குழு உதவியது. 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. 180 நாள்களில் உதவி பெற்றவர்களில் 62.3 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 61.7 விழுக்காட்டினரும் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். வேறுபாடே இல்லை எனலாம்.

இங்கே ஓர் அறிவியல் பாடம் உள்ளது. உதவி பெற்றவர்கள் மருத்துவமனைக்குச் செல்வது முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் திட்டம் மாபெரும் வெற்றி. ஆனால், உதவி பெறாத பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அளந்தால், மறுநாள் எப்படியும் அது சற்று இறங்கியிருக்கும் அல்லவா? நோய் மிக மோசமாக இருந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அப்படித்தான். ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாத ஆய்வை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கேம்டனில் உதவி பெற்றவர்களில் பலருக்கு நிலையான வீடு இல்லை, சிலரிடம் தொலைபேசியும் இல்லை. குறித்த நாள்களுக்குள் வீட்டு வருகையும் மருத்துவர் சந்திப்பும் பெரும்பாலோருக்கு அமையவில்லை. இரு நகரங்களிலும் பங்கேற்ற நோயாளிகள் வேறுபட்டவர்கள் என்பதால் ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிட முடியாது. எனினும், ஒன்று தெளிவு. பராமரிப்பு மேலாளர் நோயாளியைச் சேவைகளுடன் இணைப்பவர். இணைப்பதற்குச் சேவையே இல்லாத இடத்தில் எவ்வளவு திறமையான மேலாளரும் கையறு நிலையில்தான் இருப்பார்.

சிங்கப்பூரில்

இங்கு 2008ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஆக்‌ஷன்’ திட்டத்தின்கீழ் பொது மருத்துவமனைகளில் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்கள் பணியமர்த்தப்பட்டு, வீடு திரும்பும் முதியோருக்கு உதவத் தொடங்கினர். மனநலக் கழகத்தில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, மனநோயைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் திட்டத்திலும் ஒவ்வோர் இளையருக்கும் ஒரு பராமரிப்பு மேலாளர் துணை நிற்கிறார். சமூக மருத்துவமனை, பகல்நேரப் பராமரிப்பு நிலையம், வீட்டுக்கு வரும் தாதியர் சேவை, ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு எனக் கைகொடுக்கச் சேவைகள் இங்கு உள்ளன. ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தாமாகச் செய்ய இயலாதவருக்குக் ‘கேர்ஷீல்டு லைஃப்’ காப்புறுதி வழங்கீடு தருகிறது. ஆனால், எதற்கு, எப்போது, எங்கே விண்ணப்பிப்பது என்பது நோயாளியின் படுக்கை அருகே தவித்து நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கேட்டால் வழிகாட்ட ஆள் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால், வீடு திரும்பும் நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தாதியிடம் கேளுங்கள்: “வீட்டுக்குப் போன பிறகு இவருடைய பராமரிப்பை ஒருங்கிணைப்பவர் யார்? அவரை எப்படித் தொடர்புகொள்வது?” எந்த அறிகுறி தோன்றினால் யாரை அழைப்பது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள பழைய மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள். புதிய பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாகவே எதையும் நிறுத்த வேண்டாம். பாட்டியின் அலமாரியில் கிடந்த அந்த ‘லாசிக்ஸ்’ அட்டை அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.