வீடு முழுக்க ஒரே லேண்ட்லைன்

கார்ட்லெஸ் போன் என்பது இரண்டாகப் பிரிந்த தொலைபேசி. வெளியிலிருந்து வரும் கம்பி போய்ச் சேரும் பெட்டிக்கு 'பேஸ்' என்று பெயர். கையில் எடுத்துப் பேசுவது 'ஹேண்ட்செட்'. பழைய போனில் இவ்விரண்டையும் சுருள் வயர் ஒன்று பிணைத்திருந்தது. இதில் அந்த வேலையை ரேடியோ அலை செய்கிறது. எண்ணைச் சுழற்றுவது, மணி வந்ததை அறிவது, அழைத்தவர் எண்ணைப் படிப்பது எல்லாமே பேஸின் பொறுப்பு. ஹேண்ட்செட் அதற்கு வாயும் காதும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கார்ட்லெஸ் போனில் வரும் பாதித் தொல்லைகளுக்குக் காரணம் ஹேண்ட்செட்டில் இல்லை, பேஸ் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

செல்போன் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். ஃபைபர் இன்டர்நெட் இணைப்போடு ஒரு லேண்ட்லைன் எண்ணும் சேர்ந்து வருகிறது. பல வீடுகளில் அது சும்மா கிடக்கிறது. முட்டிவலியோடு இருக்கும் பெரியவர்கள் மணி அடித்ததும் எழுந்து ஹாலுக்கு ஓடுவதைவிட, கட்டில் பக்கத்தில் ஒரு ஹேண்ட்செட் இருப்பது எவ்வளவோ மேல். தொடுதிரையில் தடுமாறும் விரல்களுக்கு, பெரிய எழுத்துள்ள உண்மையான பொத்தான்கள் ஒரு வரம்.

தொடக்க காலக் கார்ட்லெஸ் போன்களை நினைவிருப்பவர்கள், இழுத்தால் நீளும் ஆன்டெனாவையும் கரகர சத்தத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை 46, 49 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்த அனலாக் கருவிகள். குரல் எந்த மறைப்பும் இல்லாமல் அலையில் போனதால், அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டுப் போனிலும் பேச்சு கேட்டது. இன்று கடையில் கிடைப்பவை அநேகமாக எல்லாமே 'டெக்ட்' என்னும் டிஜிட்டல் முறையில் இயங்குபவை. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த தரம் அது.

டெக்ட் போனில் பேச்சு தொடர்ச்சியாகப் போவதில்லை. ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிவினாடி, 24 துண்டுகளாக வெட்டப்படுகிறது. அவற்றில் ஒரு துண்டில் பேஸ் பேசும், ஹேண்ட்செட் கேட்கும். 5 மில்லிவினாடி கழித்து இன்னொரு துண்டில் ஹேண்ட்செட் பேசும், பேஸ் கேட்கும். மிச்ச நேரமெல்லாம் மௌனம். இது வினாடிக்கு நூறு முறை நடப்பதால் காதுக்கு இடைவெளியே தெரிவதில்லை. ஐரோப்பியத் தரப்படி 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை பத்து அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் 12 ஜோடித் துண்டுகள். ஆக மொத்தம் 120 பாதைகள். எது காலியாக இருக்கிறது என்று போன் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பேச்சின் நடுவே ஒரு பாதை கெட்டுப்போனால் வேறொன்றுக்குத் தாவிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கார்ட்லெஸ் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது இதனால்தான்.

இந்தத் தரத்துக்கும் சென்னைக்கும் பெருமைப்படத்தக்க ஒரு தொடர்பு உண்டு. 1990-களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. குழுவும், மைடாஸ் கம்யூனிகேஷன்ஸ், அனலாக் டிவைசஸ் நிறுவனங்களும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற முறையை உருவாக்கின. ஒரு வீட்டுக்குள் பேசுவதற்கென்று பிறந்த டெக்ட், அதன் மூலம் மறைப்பில்லாத வெளியில் 10 கிலோமீட்டர் வரை எட்டியது. கம்பி இழுக்கக் கட்டுப்படியாகாத கிராமங்களுக்குத் தொலைபேசியும் இன்டர்நெட்டும் அந்த வழியில் போய்ச் சேர்ந்தன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, போன் எந்த நாட்டுக்காகத் தயாரானது என்பது. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் அன்போடு வாங்கி வரும் போன்களின் பெட்டியில் 'டெக்ட் 6.0' என்று அச்சிட்டிருக்கும். ஏதோ ஆறாவது, புதிய பதிப்பு என்று அதைப் பார்த்தால் தோன்றும். அது வெறும் விற்பனைப் பெயர். அந்தப் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்குகின்றன. இந்தியாவில் 1920-க்கு மேலுள்ள பகுதி செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டது; செல்போன் கோபுரங்கள் வாடிக்கையாளரின் போனிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை அங்கேதான் கேட்கின்றன. ஒரு வீட்டு மேசையில் இருக்கும் பேஸ், அந்தக் கோபுரத்தின் காதருகே இரைச்சல் போடுவதற்குச் சமம். எனவே இங்கே அவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதோடு, அமெரிக்க அடாப்டர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. நம் 230 வோல்ட்டில் சொருகினால் எரிந்துபோகும். உள்ளூர்க் கடையில், இந்தியாவுக்கான மாடலைக் கேட்டு வாங்குவதே சரி.

பேஸை எங்கே வைப்பது? தொலைபேசிக் கம்பி எங்கே வருகிறதோ அங்கேயே வைத்துவிடுவதுதான் வழக்கம். அது பெரும்பாலும் வாசல் பக்கத்து மூலையாகவோ, டிவி ஸ்டாண்டின் பின்புறமாகவோ இருக்கும். இரண்டுமே மோசமான இடங்கள். திறந்த வெளியில் 300 மீட்டர் எட்டக்கூடிய டெக்ட் அலை, கட்டடத்துக்குள் 50 மீட்டரளவில் சுருங்கிவிடுகிறது. செங்கல் சுவரை அது ஓரளவு தாண்டும்; கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டச் சிரமப்படும்; இரும்பு பீரோவும் ஃபிரிட்ஜும் அதற்கு முழுத் தடுப்பு. வீட்டின் நடுப்பகுதியில், இடுப்புக்கு மேலான உயரத்தில், உலோகப் பொருள்கள் அருகில் இல்லாத இடம்தான் தகுந்தது. இரண்டு மாடி வீடென்றால் மாடிப்படிக்குப் பக்கத்தில் வைக்கலாம். படிக்கட்டின் திறப்பு வழியாக அலை தடையில்லாமல் மேலேறும். கூடுதல் நீளத்துக்கு ஒரு தொலைபேசி வயர் வாங்கினால் போதும், செலவு சொற்பம். வை-ஃபை ரவுட்டரும் டெக்ட் போனும் வெவ்வேறு அலைவரிசையில் இயங்குவதால் சண்டை வராது. ஆனாலும் இரண்டையும் ஒட்டி வைக்காமல் ஒரு மீட்டர் தள்ளி வைப்பது நல்லது.

இணைப்பு கொடுப்பது எளிது. பேஸுக்கு இரண்டு வயர்கள்: ஒன்று அடாப்டர், மற்றொன்று தொலைபேசி. பழைய செப்புக் கம்பி இணைப்பில் பிராட்பேண்டும் சேர்ந்து வந்தால், நடுவில் 'ஸ்ப்ளிட்டர்' என்னும் சிறு பெட்டி இருக்க வேண்டும். போனை அதில் 'போன்' என்று குறித்த துளையில் சொருக வேண்டும். அதை விட்டுவிட்டு நேராகச் சொருகினால் பேச்சில் உஸ்ஸென்ற இரைச்சல் வரும், இன்டர்நெட்டும் அறுந்து அறுந்து வரும். ஃபைபர் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்தின் பின்னால், இன்டர்நெட் துளைகளைவிடச் சிறியதாக ஒரு துளை இருக்கும். போன் அதில்தான் போக வேண்டும்.

பேட்டரி விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஹேண்ட்செட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையைச் சேர்ந்த, மறுபடி மறுபடி சார்ஜ் ஆகும் இரண்டு சிறிய பேட்டரிகள். பார்வைக்கு டிவி ரிமோட்டின் 'ஏஏஏ' பேட்டரிபோலவே இருக்கும். அதனால் அவை தேய்ந்ததும் ரிமோட்டுக்கு வாங்கும் சாதாரண பேட்டரியையே போட்டுவிடுகிறார்கள். ஹேண்ட்செட்டைத் தொட்டிலில் வைத்ததும் அது சார்ஜ் ஏற்றத் தொடங்கும். சாதாரண பேட்டரி சூடாகி, கசிந்து, வெடிக்கவும் கூடும். 'ரீசார்ஜபிள்' என்று அச்சிட்டதை மட்டுமே வாங்க வேண்டும். புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பேசிப் பார்க்கும் ஆசையை அடக்கி, கையேட்டில் சொன்ன நேரம் முழுவதும் சார்ஜ் ஏற்ற வேண்டும்; மாடலுக்கு ஏற்ப அது 6 மணி முதல் 16 மணி வரை ஆகலாம். நாலு வார்த்தை பேசுவதற்குள் 'பீப்' ஒலி வந்து அணைந்துபோகும் பழைய போனைத் தூக்கிப் போடுவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். பல நேரம் போனுக்கு மறுவாழ்வு கிடைத்துவிடும்.

தேதி, நேரம், மணியோசை ஆகியவற்றை அமைப்பதில் கஷ்டம் ஏதுமில்லை. பெயர்ப் பட்டியலில் எண்களைப் பதியும்போது மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். மகனின் பத்து இலக்க எண்ணை அப்படியே பதிந்து வைத்தால் அழைப்பு போகாது. 0 சேர்த்துப் பதினொரு இலக்கமாகப் பதிய வேண்டும். பாட்டிக்கு 1-ஐ அழுத்திப் பிடித்தால் மகள், 2 என்றால் மகன், 3 என்றால் டாக்டர் என்று வேக அழைப்பில் பதிந்து, அதை ஒரு சீட்டில் பெரிதாக எழுதிப் பேஸின் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். ஆம்புலன்ஸுக்கான 108-க்கும் ஒரு பொத்தான் ஒதுக்கலாம்.

ஒரே பேஸில் பல மாடல்களில் ஆறு ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம். பேஸில் இருக்கும் ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை: லேசாகத் தட்டினால் எல்லா ஹேண்ட்செட்களும் கத்தும், தலையணைக்கு அடியில் காணாமல்போனது கிடைத்துவிடும், சில வினாடி அழுத்திப் பிடித்தால் புது ஹேண்ட்செட்டைச் சேர்க்கத் தயாராகும். அந்த நேரத்தில் புது ஹேண்ட்செட்டின் மெனுவில் 'ரெஜிஸ்டர்' என்பதைத் தேர்ந்து, ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது 0000. சேர்த்து முடித்ததும் மாற்றிவிடுவது பாதுகாப்பு. வேறு நிறுவனத்தின் ஹேண்ட்செட்டும் 'கேப்' என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றினால் சேரும். ஆனால் அதில் பேச முடியுமே தவிர, பெயர்ப் பட்டியலைப் பகிர்வது போன்ற வசதிகள் கிடைக்காமல் போகலாம். ஹேண்ட்செட்டுகள் ஒன்றோடொன்று பேசும் இன்டர்காம் வசதிக்குக் கட்டணமே இல்லை. மாடியில் படிக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட இனிக் கத்த வேண்டியதில்லை.

டிஜிட்டல் என்பதாலேயே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. சங்கேதக் குறியாக்கம் இல்லாத டெக்ட் போன்களின் பேச்சை ஒரு மடிக்கணினியும் மலிவான அட்டை ஒன்றும் கொண்டு பிடிக்க முடியும் என்று 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாங்கும் மாடலில் குறியாக்கம் உண்டா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எந்தப் போனிலும் யாரிடமும் சொல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

கடைசியாக, மின்வெட்டு. சாதாரண வயர் போனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் அளவில் செப்புக் கம்பி வழியாக வந்துவிடும். ஊரே இருண்டிருந்தாலும் அதில் மணி அடிக்கும். கார்ட்லெஸ் அப்படியல்ல. கரண்ட் போனதும் பேஸ் நின்றுவிடும். ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தாலும் பயனில்லை. செப்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள், பேஸுக்கு இணையாக ஒரு சாதாரண வயர் போனையும் மாட்டி வைக்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் அதுவும் போதாது. ஏனென்றால் ஃபைபரில் வருவது ஒளி மட்டுமே, மின்சாரம் வருவதில்லை. அங்கே மோடம், பேஸ் இரண்டின் பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தாக வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முதல் நாளே செய்துவிடுங்கள். பிறகு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த எண்ணுக்கு அழைத்து மணி அடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.