பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருக்கா? புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்!



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்து, கடன் பேச்சு ஆரம்பிக்கிற நேரம். ஒரு அக்கா எழுந்தார். "கடன் இருக்கட்டும். முதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. எம் பொண்ணு பிளஸ் டூ. பயாலஜி பரீட்சை வருது. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் படிக்கிறா. காலையில கேட்டா எல்லாம் மறந்துட்டேன்னு அழுவுறா. நான் அஞ்சாவதோட நின்னவ. நான் என்னத்தைச் சொல்லித் தர்றது?" என்றார். பக்கத்தில் இருந்த நாலைந்து பேர், "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார்கள். அன்றைக்குக் கடன் பேச்சு அரை மணி நேரம் தள்ளிப் போனது.

அந்தப் பெண்ணுக்கு நர்சிங் படிக்க ஆசை. அதற்கு உயிரியல் மதிப்பெண் வேண்டும். வீட்டில் பெரியவர்களோ, "மார்க் வரலைன்னா மாப்பிள்ளை பாத்துடலாம்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த அக்காவின் குரலில் அவ்வளவு பதற்றம்.

பிள்ளைகள் படிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். உண்மையில் அந்தப் பக்கம் கண்ணுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பரீட்சை ஹாலில் புத்தகம் இருக்காதே! 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலரை ஒரு பாடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்களே கொஞ்சம் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. வாசித்தவர்களுக்கு நூற்றுக்கு 42 பங்குதான் நினைவில் இருந்தது. மூடி எழுதியவர்களுக்கு 56 பங்கு இருந்தது.

நாம் உதவி செய்ய வேண்டிய இடம் இதுதான். நமக்கு விடை தெரிய வேண்டியதில்லை. இரவு சோறு பொங்கும்போதோ, பூக்கட்டும்போதோ, "புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேட்டால் போதும். எங்கே தயங்குகிறாளோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் அந்தக் கோடு போட்ட இடத்தை மட்டும் படிக்கட்டும். கடைசி வாரத்தில் புத்தகம் முழுவதையும் முதலில் இருந்து ஆரம்பிப்பது வீண் அலைச்சல். வாசிக்கத் தெரிந்த அம்மாக்கள் பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கேட்கலாம்.

ஒரு பாடத்தை மட்டும் பல பெண் பிள்ளைகள் கூச்சப்பட்டுத் தள்ளிவிடுகிறார்கள். அதுதான் விலங்கியலில் வரும் மனித இனப்பெருக்கம். கேள்வி வராமல் போகாத பாடம் அது. இதில் நாம்தான் டீச்சர், சகோதரிகளே! மாதவிடாய் சுழற்சி சுமார் 28 நாள் என்று புத்தகம் சொல்கிறது. அதில் ஏறக்குறைய 14-ஆம் நாள் எல்.எச். என்ற ஹார்மோன் உச்சத்துக்கு ஏற, சூலகத்திலிருந்து அண்டம் வெளியே வருகிறது. கருத்தரிக்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்து, கருப்பையின் உள்சுவர் உதிர்ந்து, தீட்டு வருகிறது. குழந்தை பிறந்ததும் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது என்று நர்சம்மா நம்மிடம் சொன்னாரே, அதன் காரணமும் அங்கேயே இருக்கிறது. அதில் நோயை எதிர்க்கும் பொருள்கள் உள்ளன. "உனக்கு நான் அதைக் கொடுத்தேன்டி" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு அந்த விடையை அவள் மறக்க மாட்டாள்.

இதைப் பேசும்போது அந்த அக்காவின் மகள் இன்னொன்றும் சொன்னாளாம். மரபியல் பாடத்தில், குழந்தை ஆணா பெண்ணா என்பது எப்படி முடிவாகிறது என்று வருகிறது. தாயின் அண்டத்தில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். தகப்பனின் விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய் இருக்கும். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். மூன்று பெண்ணைப் பெற்றதற்காக அந்த அக்கா மாமியாரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. அப்பத்தா முன்னாலேயே மகள் அந்தப் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தாளாம்! அந்தக் கேள்விக்கு இனி யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

படங்களை விட்டுவிடாதீர்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். விந்து செல், சூல், மகரந்தக் குழாய் இவற்றைப் பார்க்காமல் வரைந்து, பாகங்களைக் குறித்து, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடட்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, பாகங்கள் சரியாக இருந்தால் போதும்.

இனி கேள்வித்தாள் விஷயம். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் தாவரவியல் 35, விலங்கியல் 35. இரண்டுக்கும் விடைத்தாள் தனித்தனி. எழுத 3 மணி நேரம். தாவரவியலை ஆற அமர எழுதிவிட்டு, விலங்கியலுக்கு நேரம் போதாமல் தவிக்கிற பிள்ளைகள் நிறைய. ஒன்றரை மணி ஆனதும் அடுத்த தாளுக்குப் போய்விட வேண்டும். விட்டது இருந்தால் கடைசியில் திரும்பி வரலாம். ஒரு மதிப்பெண் கேள்வி ஒவ்வொரு பகுதியிலும் 8 இருக்கும். அதற்கு குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். எந்தக் கேள்வி கட்டாயம் என்று போட்டிருக்கிறது என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாத கேள்வியிலும் தெரிந்த இரண்டு வரியை எழுதட்டும், காலியாக விட வேண்டாம்.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். இதில் நாம் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கலாம். படித்தது மனதில் நிலைப்பதே தூக்கத்தில்தான். விடிய விடிய முழித்த பிள்ளை, தெரிந்த கேள்விக்கும் திணறும். அன்றைக்கு மாடு கட்டுவது, தண்ணீர் தூக்குவது எல்லாம் அவள் தலையில் வேண்டாம். தம்பியிடம் சொல்லுங்கள், அவனுக்கும் கை இருக்கிறது. அக்கம்பக்கத்தில், "எவ்வளவு வாங்குவே?" என்று கேட்க வருகிறவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காலையில் இட்லியோ, கஞ்சியோ வழக்கமாகச் சாப்பிடுவதே நல்லது. ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல் எல்லாம் முதல் நாளே பையில் இருக்கட்டும். பஸ்ஸை நம்பிப் போகும் ஊர்க்காரர்கள் ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புங்கள்.

எல்லாம் செய்தும் மதிப்பெண் வராமல் போகலாம். தேர்ச்சி பெறாத பாடத்தைத் துணைத் தேர்வில் மறுபடி எழுதலாம், ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். பரீட்சை எழுதி வந்த பிள்ளையிடம் கேள்வித்தாளை வாங்கி அன்றே மார்க் கணக்குப் போட வேண்டாம். அவளுக்கு அடுத்த பரீட்சை இருக்கும். சாப்பாடு போட்டுக் கொஞ்சம் படுக்கச் சொல்லுங்கள்.