கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம்!



'மாண்டலின்' என்றதும் யார் ஞாபகம் வருகிறது என்று உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 'மாண்டலின் ஸ்ரீநிவாஸ்' என்று சட்டென்று சொல்வார்கள். சின்ன வயதிலேயே மேடையேறி, மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதம் வாசித்து, பெரியவர்களையே வாய் பிளக்க வைத்தவர் அவர். 2014ல் காலமானார்.

அந்த மாண்டலினுக்கு ஓர் அண்ணன் உண்டு, தெரியுமா? பெயர், 'ஆக்டேவ் மாண்டலின்'. ஆளும் பெரிசு, குரலும் கனம்! அயர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா நாட்டுப்புறப் பாடல்களில் இதைக் கேட்கலாம்.

தம்பிக்கும் அண்ணனுக்கும் தந்திகள் எட்டுதான். இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு ஜோடிகள். ஒரு ஜோடி, 'ச' என்றால் அடுத்த ஜோடி, 'ப'. இரண்டிலும் ஒரே சுரங்கள்தான். ஆனால், அண்ணன் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார். தம்பியின் தடித்த தந்தி நொடிக்கு 196 தடவை அதிரும். அண்ணனின் தடித்த தந்தி 98 தடவைதான் அதிரும். சரியாகப் பாதி!

தந்தியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதிர்வு பாதியாகும் என்பது அறிவியல். தம்பியின் தந்தி நீளம், கிட்டத்தட்ட 14 அங்குலம். அப்படியானால் அண்ணனுக்கு 28 அங்குலம் வேண்டுமே? அவ்வளவு நீளம் இருந்தால், இடது கை விரல்கள் மெட்டுக்கு மெட்டு எட்டாமல் தவிக்கும். அதனால், 20 முதல் 23 அங்குலத்தோடு நிறுத்தி, தந்தியைத் தடிமனாக்கி விட்டார்கள். தடித்த தந்தி மெதுவாகத்தானே அதிரும்!

மாண்டலினை, 'பிக்' என்ற சின்ன வில்லையால் தட்டி வாசிப்பதுதான் வழக்கம். குட்டித் தந்தியின் ஓசை சீக்கிரம் அடங்கி விடும் என்பதால், விடாமல் தட்டிக் கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் அப்படியல்ல. ஒரு தடவை மீட்டினால், நீண்ட நேரம் ரீங்காரம் செய்வார். அதனால், வில்லையைக் கீழே வைத்து விட்டு, வெறும் விரல்களாலேயே வாசிக்கலாம். கட்டைவிரல் கீழ் சுரங்களில், 'டும்... டும்...' என்று தாளம் பிடிக்கும். மற்ற விரல்கள் பாட்டை வாசிக்கும். கண்ணை மூடிக் கேட்டால், இரண்டு பேர் வாசிப்பது போலவே இருக்கும்.

சொல்வது சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும், கட்டைவிரலும் மற்ற விரல்களும் எப்படி ஒன்றையொன்று பார்த்துக் காப்பி அடிக்கின்றன என்று! ஒரு கையால் தலையைத் தட்டி, மறு கையால் வயிற்றைத் தடவுவீர்களே... அந்தத் தொல்லை, இங்கே ஒரே கைக்குள் நடக்கும்.

இன்னொரு தொல்லை, ஜோடித் தந்தி. விரல் ஒன்றை மட்டும் தொட்டு விட்டால், பாதிக் குரல்தான் வரும். முதலில் இரண்டு தந்திகளையும் சேர்த்து விரல் நுனியால் மெல்ல அழுத்த வேண்டும். பிறகு, உள்ளங்கையை நோக்கி விரலை மடக்கி விட வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால், தந்தி மெட்டில் மோதி, 'டப்' என்று சத்தம் போடும். (ஸ்ரீநிவாஸின் எலக்ட்ரிக் மாண்டலினில் ஜோடியே கிடையாது. ஐந்து தந்திகளும் தனித்தனி. கமகம் கொடுக்க அதுதான் வசதி!)

சரி, எப்படித் தொடங்குவது? மேலே இருக்கும் தடித்த இரண்டு ஜோடிகளும் கட்டைவிரலுக்கு. மூன்றாவது ஜோடி ஆள்காட்டி விரலுக்கு. கீழே இருக்கும் மெல்லிய ஜோடி நடுவிரலுக்கு. இந்தப் பங்கீட்டை மாற்றக் கூடாது.

இடது கைக்கு இப்போது லீவு! கட்டைவிரலால் முதல் ஜோடி, பிறகு ஆள்காட்டி விரல். கட்டைவிரலால் இரண்டாவது ஜோடி, பிறகு நடுவிரல். 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று வாய் விட்டு எண்ணிக் கொண்டே, ஆமை வேகத்தில் மீட்டுங்கள். பேசிக் கொண்டே வாசிக்க முடிகிற வரை இதையே செய்யுங்கள்.

அதன்பின், இடது கையைக் கூப்பிடலாம். மூன்றாவது ஜோடியில் இரண்டாவது மெட்டு, மெல்லிய ஜோடியில் மூன்றாவது மெட்டு. இரண்டையும் அழுத்திக் கொண்டு, அதே வரிசையில் மீட்டினால், 'அட, பாட்டு மாதிரி இருக்கே!' என்று நீங்களே சொல்வீர்கள். விரல் நுனி இரும்புத் தந்தியால் வலிக்கும். வலித்தால் நிறுத்தி விட்டு, நாளைக்கு வாருங்கள்.

விரலால் மீட்டும் இந்த முறை, அமெரிக்காவில் கிதார் வாசிப்பவர்களிடம் ரொம்பப் பிரபலம். அதில் ஒரு பாட்டியின் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பெயர், எலிசபெத் காட்டன். 1893ல், வட கரோலினா மாநிலத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் வேலைக்குப் போனதும், அவருடைய பேஞ்சோவை எடுத்து ரகசியமாக வாசிப்பாள் சிறுமி எலிசபெத். ஆனால், அவள் இடது கைக்காரி! தந்தியை மாற்றிக் கட்டினால், அண்ணன் கண்டுபிடித்து விடுவாரே? அதனால், வாத்தியத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

பிறகு, வீட்டு வேலைக்குப் போய், காசு சேர்த்து, 3 டாலர் 75 சென்ட் கொடுத்து ஒரு கிதார் வாங்கினாள். அதையும் தலைகீழாகத்தான் பிடித்தாள். தடித்த தந்திகள் கீழே போய் விட்டன. எனவே, கட்டைவிரல் பாட்டை வாசித்தது. மற்ற விரல்கள் தாளம் பிடித்தன. எல்லாரும் செய்வதற்கு நேர் எதிர்! சொல்லித் தர ஆசிரியர் இல்லை. வீட்டருகே போகும் சரக்கு ரயிலைப் பற்றி, 12 வயது வாக்கில் ஒரு பாட்டும் கட்டினாள்.

கல்யாணம் ஆனது, கிதார் போனது. பல ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை.

1940களின் கடைசியில், வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். அங்கே தொலைந்து போன ஒரு சிறுமியை, அம்மாவிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி, பெக்கி சீகர். அவர்கள் வீடே இசைக் குடும்பம்! அந்த வீட்டிலேயே எலிசபெத்துக்கு வேலை கிடைத்தது. ஒருநாள், சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து வாசித்தார். வீடே அசந்து போனது.

ரயில் பாட்டு கடல் தாண்டி பிரிட்டனுக்குப் போனது. 1957ல் அங்கே பெரிய, 'ஹிட்!' ஆனால், எழுதியவர்கள் என்று வேறு யாரோ பெயர் போட்டுக் கொண்டனர். 'இது எலிசபெத்தின் பாட்டு' என்று சீகர் குடும்பத்தினர் போராடி, அவர் பெயரை மீட்டுத் தந்தனர். அவருடைய முதல் இசைத்தட்டு 1958ல் வந்தது. 90 வயதைத் தாண்டிய பிறகு, 1985ல் கிராமி விருது வாங்கினார். 1987ல் மறைந்தார்.

இடது கைக்காரக் குட்டீஸ் யாராவது ஆக்டேவ் மாண்டலின் கற்றுக் கொள்ளப் போகிறீர்களா? கடையில் சொன்னால், தந்திகளை இடம் மாற்றிக் கட்டித் தருவார்கள். எலிசபெத் பாட்டியோ, கடைசி வரை தலைகீழாகப் பிடித்தே வாசித்தார்!